சூப்பர்மார்க்கெட்ல ஏறுன விலை ஏன் இறங்க மாட்டேங்குது?

"பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு நியூஸ்ல சொல்றாங்க, ஆனா சூப்பர்மார்க்கெட் பில் மட்டும் குறையவே இல்ல, இதுல யார் காரணம், கடையா கம்பெனியா அரசாங்கமா?" இதுதான் கேள்வி. நான் ரொம்ப வருஷமா உணவுப் பொருள் பர்ச்சேஸ்ல இருக்கேன், சப்ளையர்கிட்ட உக்காந்து விலை பேசுறதுதான் வேலையே, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த "குறைஞ்சிடுச்சு"ங்கிற வார்த்தையைப் பாத்துடலாம், பாதி குழப்பம் அங்கதான். பணவீக்கம்னா விலை இல்ல, விலை ஏறுற வேகம். பிரிட்டனை எடுத்துக்கோங்க, 2023 மார்ச்ல அங்க உணவுப் பொருள் பணவீக்கம் 19 சதவீதத்தைத் தாண்டுச்சு, 45 வருஷத்துல இல்லாத அளவு. அடுத்த வருஷம் 2024 மார்ச்ல அது 4 சதவீதம்னு வந்தப்போ பெரிய சாதனை மாதிரி பேசுனாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 2022ல 100 கொடுத்து வாங்குன கூடை 2023ல 119, 2024ல 124 கிட்ட. குறைஞ்சது எங்க? 119ல இருந்து 100க்கு யாரும் திரும்பி வரல, 119க்கு மேல இன்னொரு 5 ஏறுச்சு, அவ்வளவுதான். அமெரிக்காவுலயும் இதே கதைதான், 2020ல இருந்து 2024க்குள்ள உணவு விலை மொத்தமா 23.6 சதவீதம் ஏறிடுச்சு, 2024ல ஏற்றம் ரொம்ப கம்மின்னாலும் அந்த 23.6 அப்படியேதான் உக்காந்திருக்கு. அதனால நியூஸ்ல சொல்றதும் பொய் இல்ல, உங்க பில்லும் பொய் இல்ல. சம்பளம் அதே அளவுக்கு ஏறலைன்னா உங்களைப் பொறுத்தவரைக்கும் பிரச்சனை தீரவே இல்ல.

இப்ப ஏன் ஏறுதுங்கிறதுக்கு வருவோம். எங்க வேலைல ஒரு லெட்டர் வரும், சப்ளையர் அனுப்புற விலை ஏத்தற லெட்டர். எந்த கம்பெனி அனுப்புனாலும் அதுல ஏறக்குறைய அதே அஞ்சு வரிதான் இருக்கும்: மூலப்பொருள், கரண்ட்டும் கேஸும், பேக்கிங், சரக்கு வாடகை, சம்பளம். கடைசில "தவிர்க்க முடியாத காரணத்தால் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல்"னு ஒரு வாக்கியம். 2021 கடைசிலயும் 2022லயும் இந்த லெட்டர் ஒரே சப்ளையர்கிட்ட இருந்து வருஷத்துல ரெண்டு மூணு தடவை வந்துச்சு, அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு. இந்த அஞ்சு வரியைப் புரிஞ்சுக்கிட்டா விலை ஏத்தத்துல முக்கால்வாசி புரிஞ்சிடும்.

மூலப்பொருள்னு சொல்றப்போ எல்லாரும் நினைக்கிற அளவுக்கு அது பெரிய பங்கு கிடையாது, இதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. பணக்கார நாடுகள்ல ஒரு பாக்கெட் ரொட்டியோட விலைல கோதுமைக்குப் போறது பத்துல ஒரு பங்கு கூட வராது. மீதியெல்லாம் மாவு மில், பேக்கரி அடுப்பு, பிளாஸ்டிக் கவர், லாரி, குடோன், கடை வாடகை, ஆள் கூலி, விளம்பரம். அமெரிக்க விவசாயத்துறை போடுற கணக்குல மக்கள் உணவுக்குச் செலவழிக்கிற ஒரு டாலர்ல விவசாயிக்குப் போறது 15, 16 சென்ட்தான். அதனாலதான் பயிர் விலை இரட்டிப்பானாலும் ரொட்டி விலை இரட்டிப்பாகாது, அதே காரணத்தாலதான் பயிர் விலை பாதியானாலும் ரொட்டி பாதியாகாது. ஏழை நாடுகள்ல கதை வேற, அங்க மக்கள் மாவாவும் தானியமாவும் நேரா வாங்குறாங்க, நடுவுல பெருசா செலவு இல்ல, அதனால உலக மார்க்கெட்ல ஏறுறது நேரா அடுப்படிக்கே வந்துடும், அதுவும் வருமானத்துல பாதி சாப்பாட்டுக்கே போற குடும்பத்துக்கு.

அந்த மூலப்பொருள் விலையை ஆட்டுறது மூணு விஷயம், வானிலை, போர், ஏற்றுமதித் தடை. உக்ரைன் போர் பத்தி எல்லாருக்கும் தெரியும், உலக கோதுமை ஏற்றுமதில ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து கால்வாசிக்கு மேல, சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதில உக்ரைன் மட்டுமே பாதி கிட்ட. 2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்சு துறைமுகம் மூடுனதும், மார்ச்ல ஐ.நா. உணவு விவசாய அமைப்போட விலைக் குறியீடு சுமார் 160க்குப் போச்சு, அதுதான் இன்னிக்கு வரைக்கும் உச்சம். 2020ல அது 98ல இருந்துச்சு, அந்த வித்தியாசத்தை யோசிச்சுப் பாருங்க.

ஆனா போரை விட ஏற்றுமதித் தடை பத்திதான் நான் அதிகமா கவலைப்படுவேன், ஏன்னா அது ஒட்டிக்கிற நோய் மாதிரி. சூரியகாந்தி எண்ணெய் வரலைன்னதும் எல்லாரும் பாமாயிலுக்கு ஓடுனாங்க, பாமாயில் ஏறுனதும் உலகத்துலயே பெரிய ஏற்றுமதியாளரான இந்தோனேஷியா உள்ளூர் விலை ஏறிடும்னு பயந்து 2022 ஏப்ரல் 28ல ஏற்றுமதியையே நிறுத்துச்சு, மே 23ல தான் திரும்ப விட்டாங்க. அதே மே மாசம் 13ஆம் தேதி இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்துச்சு. அடுத்த வருஷம் 2023 ஜூலை 20ல பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு இந்தியா தடை போட்டப்போ, உலக அரிசி வியாபாரத்துல 40 சதவீதம் இந்தியாவோடதுங்கிறதால அடுத்த மாசமே உலக அரிசி விலை 15 வருஷ உச்சத்துக்குப் போச்சு. ஒவ்வொரு நாடும் தன் மக்களைக் காப்பாத்தத்தான் கதவை மூடுது, அதுல தப்பு சொல்ல முடியாது, ஆனா எல்லாரும் மூடுனா வாங்கித்தான் சாப்பிடணும்ங்கிற நாடுகள் மாட்டிக்கும். 2007-08ல அரிசிக்கு நடந்தது இதுதான், அந்த வருஷம் பெரிய விளைச்சல் பஞ்சம் எதுவும் இல்ல, இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துனதும் வாங்குற நாடுகள் பயத்துல அள்ளி வாங்குனதும்தான் சில மாசத்துக்குள்ள விலையை ரெண்டு மூணு மடங்காக்குச்சு.

லெட்டர்ல ரெண்டாவது வரி, கரண்ட்டும் கேஸும். இதைத்தான் வெளில யாரும் சரியா பேசுறது இல்ல. சாப்பாட்டுக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. யூரியா உரத்துக்கு அமோனியா வேணும், அமோனியா செய்ய இயற்கை எரிவாயு வேணும், அமோனியா தயாரிப்புச் செலவுல முக்கால்வாசி அந்த கேஸ்தான். உலக மக்கள்தொகைல பாதிப் பேரோட சாப்பாடு இந்த ரசாயன நைட்ரஜன் உரத்தை நம்பித்தான் இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் மதிப்பு போடுறாங்க. ஐரோப்பாவுல 2021 ஆரம்பத்துல ஒரு மெகாவாட்-மணி அளவு ஆற்றலுக்கு 20 யூரோ கிட்ட இருந்த கேஸ் 2022 ஆகஸ்ட்ல 300 யூரோவைத் தாண்டுச்சு, உர ஆலைகள் ஒண்ணொண்ணா உற்பத்தியைக் குறைச்சாங்க.

இதுல நான் மறக்கவே முடியாத ஒரு விஷயம் 2021 செப்டம்பர்ல பிரிட்டன்ல நடந்தது. கேஸ் விலை தாங்காம ஒரு கம்பெனி தன்னோட ரெண்டு உர ஆலையை மூடுச்சு. மூணே நாள்ல இறைச்சிக்காரங்களும் கூல்டிரிங்க்ஸ்காரங்களும் பதற ஆரம்பிச்சாங்க. ஏன்னா அமோனியா செய்யுறப்போ உபரியா வர்ற கார்பன் டை ஆக்சைடுதான் கோழியையும் பன்னியையும் வெட்டுறதுக்கு முன்னாடி மயக்கப் பயன்படுது, இறைச்சி கெட்டுப்போகாம இருக்க பாக்கெட்டுக்குள்ள அடைக்கிற கேஸ்லயும் அதுதான், சோடால குமிழி வர்றதுக்கும் அதுதான், அந்த ரெண்டு ஆலை மட்டுமே நாட்டோட தேவைல 60 சதவீதத்தைக் கொடுத்துட்டு இருந்துச்சு. கடைசில அரசாங்கமே காசு கொடுத்து ஒரு ஆலையை மூணு வாரத்துக்கு ஓட வெச்சாங்க. உர ஆலை மூடுனா இறைச்சி அலமாரி காலியாகும்னு அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? விலைங்கிறது இப்படித்தான், எங்கயோ ஒரு மூலைல இழுத்தா வேற எங்கயோ கிழியும்.

உரமே இல்லைன்னா என்ன ஆகும்னு இலங்கை காட்டுச்சு. 2021ல ரசாயன உர இறக்குமதியை ஒரே நாள் முடிவா நிறுத்துனாங்க, நெல்லும் தேயிலையும் அடி வாங்குச்சு, நவம்பர்ல தடையைத் திரும்ப எடுத்துட்டாங்க ஆனா அதுக்குள்ள போகம் போயிடுச்சு. அதோட டாலர் கையிருப்பும் தீர்ந்து ரூபாயும் சரிஞ்சு, 2022 செப்டம்பர்ல கொழும்பு உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கு மேல போச்சு. இங்க நாணய மதிப்பையும் சேத்துக்கோங்க, லெட்டர்ல அது தனி வரியா வராது, எல்லா வரிக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும். கோதுமை, எண்ணெய், சர்க்கரை, கப்பல் வாடகை எல்லாமே டாலர்ல. உள்ளூர் காசு சரிஞ்சா உலகத்துல விலை ஏறாமலே உங்க கடைல ஏறும்.

பேக்கிங் பத்தி வேகமா சொல்லிட்டுப் போறேன், கண்ணாடி பாட்டில் உலை கேஸ்ல ஓடுது, பிளாஸ்டிக் கச்சா எண்ணெய்ல இருந்து வருது, தகரத்துக்கும் அட்டைக்கும் கரண்ட் வேணும், அதனால கேஸ் ஏறுனா இதுவும் ஏறும்.

சரக்கு வாடகை. கொரோனாவுக்கு முன்னாடி ஒரு 40 அடி கன்டெய்னர் அனுப்ப உலக சராசரியா 1,500 டாலர் கிட்ட ஆச்சு, 2021 செப்டம்பர்ல அது 10,000 டாலரைத் தாண்டுச்சு. விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸ் அனுப்புறவங்களுக்கு அது தாங்கும், ஒரு கன்டெய்னர் நிறைய தக்காளி டின் அனுப்புறவன் என்ன பண்ணுவான், சரக்கு மதிப்புல கால்வாசி வாடகைக்கே போயிடும். அப்புறம் வாடகை இறங்குச்சு, சரி நிம்மதின்னு நினைக்கிறப்போ 2023ல பனாமா கால்வாய்க்குத் தண்ணி கொடுக்கிற ஏரி வறட்சில இறங்கி ஒரு நாளைக்கு 36 கப்பல் போன இடத்துல டிசம்பர்ல 22ன்னு குறைச்சாங்க, அதே நேரத்துல செங்கடல்ல ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதால சூயஸ் கால்வாயை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக வேண்டியதாச்சு, பத்து நாள் கூடுதல், எரிபொருள் கூடுதல், இன்சூரன்ஸ் கூடுதல். ரெண்டு கால்வாயும் ஒரே சமயத்துல இப்படி ஆகும்னு எங்க பிளானிங்ல எந்த வருஷமும் போட்டதில்ல.

அஞ்சாவது வரி சம்பளம், இதுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். குடோன்ல பெட்டி தூக்குறவங்க, லாரி ஓட்டுறவங்க, அலமாரி அடுக்குறவங்க, இவங்கதான் 2020ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தப்போ வேலைக்கு வந்தவங்க. அவங்க சம்பளம் ஏறுனது நியாயம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், கேஸ் விலை ஏறி இறங்கும், சம்பளம் ஏறுனா இறங்காது, இறங்கவும் கூடாது.

இப்பதான் உங்க கேள்வியோட மையத்துக்கு வர்றோம். 2022 மார்ச்ல உச்சத்துக்குப் போன கோதுமை அதே வருஷம் ஜூலைக்குள்ளயே போருக்கு முன்னாடி இருந்த விலைக்குத் திரும்பி வந்துடுச்சு. கன்டெய்னர் வாடகை 2023ல பழைய நிலைக்கே வந்துச்சு. கேஸும் இறங்குச்சு. அந்த லெட்டர்ல இருந்த அஞ்சு வரில மூணு நாலு வரி தலைகீழா மாறிடுச்சு. அப்போ "செலவு குறைஞ்சதால் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் விலையைக் குறைக்கிறோம்"னு எத்தனை லெட்டர் வந்துச்சு தெரியுமா? என் மேஜைக்கு ஒண்ணு கூட வரல. ஏறுறப்போ அவங்க தேடி வருவாங்க, இறங்குறப்போ நாமதான் கணக்கை எடுத்துட்டுப் போய்க் கேக்கணும், கேட்டாலும் "நாங்க ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒப்பந்தம் போட்டு வாங்குன சரக்கு இது"ன்னு சொல்வாங்க, அதுல உண்மையும் இருக்கும். பொருளாதாரப் புத்தகத்துலயே இதுக்கு ஒரு பேர் உண்டு, ராக்கெட்டும் இறகும், ராக்கெட் மாதிரி ஏறும் இறகு மாதிரி இறங்கும். முதல்ல பெட்ரோல் விலைக்குச் சொன்னது, உணவுக்கும் அப்படியே பொருந்துது.

அந்த ஒப்பந்தக் கதை பாதி உண்மைன்னு சொன்னேன் இல்லையா, கொக்கோவை வெச்சுச் சொன்னா நல்லா புரியும். உலக கொக்கோல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானான்னு ரெண்டே நாட்டுல இருந்து வருது. அங்க மழை தப்பி, மரத்துக்கு வைரஸ் நோய் வந்து, வயசான மரங்களை மாத்த விவசாயிகிட்ட காசு இல்லாம விளைச்சல் படுத்துடுச்சு. 2023 ஆரம்பத்துல டன் 2,600 டாலர் கிட்ட இருந்தது 2024 டிசம்பர்ல 12,000 டாலரைத் தாண்டுச்சு. 2025 கடைசில பாதி விலைக்கு இறங்கிடுச்சு. ஆனா சாக்லேட் கம்பெனிங்க கொக்கோவை ஆறு மாசம், ஒரு வருஷம் முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கும், அதனால மார்க்கெட்ல விலை இறங்குறப்போ ஃபேக்டரில அரைபடுறது உச்ச விலைல வாங்குன கொட்டை. இது நியாயமான தாமதம். நியாயமில்லாதது என்னன்னா, அந்தத் தாமதம் ஏறுறப்போ மட்டும் குறைவா இருக்கும். இன்னொரு விஷயம், 12,000 டாலர் ஆனப்போ அந்த விவசாயிக்கு அது போய்ச் சேரல, அந்த ரெண்டு நாட்டுலயும் விவசாயிக்குக் கொடுக்கிற விலையை அரசு அமைப்பு சீசனுக்கு முன்னாடியே நிர்ணயம் பண்ணிடும், அறுவடையில பெரும்பகுதி பழைய விலைக்கு முன்கூட்டியே வித்தும் ஆயிடுச்சு. வாங்குறவங்க அழுதாங்க, விளைவிச்சவங்களும் அழுதாங்க, இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

விலை இறங்கவே இறங்காதான்னா அப்படியும் இல்ல, முட்டையைப் பாருங்க. அமெரிக்காவுல பறவைக் காய்ச்சலால கோடிக்கணக்கான முட்டைக் கோழிகளை அழிச்சாங்க, ஒரு பண்ணைல ஒரு கோழிக்கு வந்தாலும் மொத்தப் பண்ணையையும் அழிக்கணும், அதுதான் விதி. புதுசா குஞ்சு பொரிச்சு, அது வளந்து முட்டை போட ஆரம்பிக்க நாலரை, அஞ்சு மாசம் ஆகும், அதுவரைக்கும் காசு எவ்வளவு கொடுத்தாலும் முட்டை வராது. 2025 மார்ச்ல ஒரு டஜன் சராசரி 6.23 டாலர் ஆச்சு. அதே வருஷம் கடைசில 3 டாலருக்குக் கீழ வந்துடுச்சு. ஏன் முட்டை மட்டும் இறங்குது, பிஸ்கட் இறங்கல? முட்டைல பிராண்ட் இல்ல, அதை ரொம்ப நாள் வெச்சுக்க முடியாது, கடைக்காரன் வாங்குற விலையே பெரும்பாலும் மொத்த மார்க்கெட் விலையோட கட்டி இருக்கும், நேத்து என்ன விலைன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பிஸ்கட் பாக்கெட் அப்படி இல்ல, அதோட செலவு கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். என் அனுபவத்துல இதுதான் விதி: பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு பச்சையா இருக்கோ, அவ்வளவு வேகமா விலை இறங்கும், எவ்வளவு பதப்படுத்திப் பேர் ஒட்டி வருதோ அவ்வளவுக்கு ஒட்டிக்கும். ஆனா முட்டைலயும் இன்னொரு பக்கம் இருக்கு, அந்த விலை உச்சத்துல இருந்த காலாண்டுல அமெரிக்காவோட பெரிய முட்டை கம்பெனியான கால்-மெய்னோட லாபம் முந்தின வருஷத்தை விட மூணு மடங்குக்கு மேல. அந்த நாட்டு நீதித்துறை விசாரணையும் ஆரம்பிச்சுது.

அப்போ கடைக்காரன் கொள்ளையடிக்கிறானான்னு கேட்டீங்கன்னா, சுருக்கமா ஒரு பதில் சொல்ல முடியாது. சூப்பர்மார்க்கெட்டோட நிகர லாபம் வழக்கமா 100க்கு ஒண்ணுல இருந்து மூணுதான். நூறு கொடுத்தா 97க்கு மேல செலவுக்கே போகுது. அதனால மொத்த லாபத்தையும் துடைச்சு எடுத்தாலும் உங்க பில் ரெண்டு மூணு சதவீதம்தான் குறையும், 20 சதவீதம் ஏறுனதுக்கு அது விளக்கம் ஆகாது. ஆனா அதுக்காக விட்டுடவும் முடியாது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 மார்ச்ல ஒரு அறிக்கை விட்டுச்சு, மளிகைக் கடைகளோட வருமானம் செலவை விட 2021ல 6 சதவீதத்துக்கு மேல, 2023ல முதல் ஒம்பது மாசத்துல 7 சதவீதம், அதுக்கு முந்தைய உச்சம் 2015ல 5.6. செலவு ஏறுனதுங்கிற பேர்ல கொஞ்சம் கூடவே ஏத்தி இருக்காங்கன்னு அர்த்தம்.

போட்டி இல்லாத இடத்துல இது இன்னும் மோசம். நியூசிலாந்துல ரெண்டு குழுமம்தான் பெரும்பகுதி மார்க்கெட்டையும் வெச்சிருக்கு, 2022ல அந்த நாட்டு வர்த்தக ஆணையம் ஆராய்ஞ்சு பாத்து, இவங்க ஒரு நாளைக்கு 10 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல கூடுதல் லாபம் பாக்குறாங்கன்னு சொல்லிச்சு. எப்படிப் போட்டியைத் தடுத்தாங்கங்கிறதைக் கவனிங்க, தங்களுக்குச் சொந்தமான நிலத்தை விக்கிறப்போ "இங்க சூப்பர்மார்க்கெட் வரக்கூடாது"ன்னு பத்திரத்துலயே நிபந்தனை எழுதி வெச்சாங்க. புதுசா ஒருத்தர் கடை போட நினைச்சா நல்ல இடமே கிடைக்காது. அதே வருஷம் சட்டம் போட்டு அந்த நிபந்தனைகளைத் தடை பண்ணாங்க. ஆஸ்திரேலியாவுல ரெண்டு சங்கிலிக் கடைகளுக்கு 67 சதவீத விற்பனை. அமெரிக்காவுல க்ரோகர், ஆல்பர்ட்சன்ஸ்னு ரெண்டு பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனிங்க ஒண்ணா சேரப் போனதை 2024 டிசம்பர்ல கோர்ட் நிறுத்துச்சு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விலை இறங்கறதுக்கு ஒரே உண்மையான மருந்து பக்கத்துல இன்னொரு கடை இருக்கிறதுதான், சப்ளையருக்கும் அதேதான், இன்னொரு சப்ளையர்கிட்ட போக முடியும்ங்கிற நிலைமை இருந்தா மட்டும்தான் நான் கேக்குறப்போ அவர் விலையைக் குறைக்கிறார்.

விலைப்பட்டியல்ல தெரியாத ஏத்தமும் உண்டு. விலை அதே, எடை குறைவு. அலமாரி முன்னாடி நின்னு பழைய பாக்கெட்டையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருக்கேன், அட்டையோட உயரம் அகலம் ஒண்ணு, முன்பக்கப் படம் ஒண்ணு, "புதிய தோற்றம்"னு ஒரு மூலைல, பின்னாடி கீழ சின்ன எழுத்துல 500 கிராம் இருந்த இடத்துல 450 கிராம். பத்து சதவீதம் குறைஞ்சதுன்னு தோணும், ஆனா கிராம் கணக்குல விலை 11 சதவீதம் ஏறி இருக்கு. பிரான்ஸ்ல 2024 ஜூலை 1ல இருந்து, இப்படி அளவு குறைச்ச பொருளுக்குப் பக்கத்துல பெரிய கடைங்க ரெண்டு மாசத்துக்கு அறிவிப்பு வெச்சே ஆகணும்னு விதி. இதை எல்லா நாடும் செய்யணும், இதுல அரசாங்கத்துக்கு ஒரு செலவும் இல்ல. அதுவரைக்கும் நீங்க பாக்க வேண்டியது பாக்கெட் விலையை இல்ல, அலமாரி லேபிள்ல பொடி எழுத்துல இருக்கிற கிலோ விலை, அல்லது 100 கிராம் விலை. பெரிய பாக்கெட்தான் எப்பவும் லாபம்னு நினைக்காதீங்க, நிறைய தடவை நடு சைஸ் மலிவா இருக்கும், "ஆஃபர்"னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுனதும் எப்பவும் மலிவு இல்ல.

கஷ்டப்படுறவங்களுக்கு இந்த ஏத்தம் இன்னும் அதிகமா அடிக்குதுங்கிறது நான் ரொம்ப நாளா பாத்துட்டு இருக்கிற விஷயம், பொருளாதார அறிஞர் ஆல்பர்டோ கவாலோவும் அவர் கூட வேலை செஞ்சவரும் பல நாட்டு ஆன்லைன் விலைகளை எடுத்துப் பாத்து அதை நிரூபிச்சும் இருக்காங்க, விலை குறைஞ்ச பிராண்டுகள்தான் விலை உயர்ந்த பிராண்டுகளை விட வேகமா ஏறி இருக்கு. காரணம் எங்க பக்கத்துல இருந்து பாத்தா சுலபமா புரியும். மலிவான பிராண்ட்ல விளம்பரம் இல்ல, லாபம் மெலிசு, விலைல பெரும்பங்கு மூலப்பொருள்தான், அதனால மூலப்பொருள் ஏறுனா தாங்கிக்க இடமே இல்ல, நேரா விலைக்கு வந்துடும். விலை உயர்ந்த பிராண்ட் கொஞ்ச நாள் தாங்கிக்கும். அதோட எல்லாரும் செலவைக் குறைக்கன்னு மலிவான பிராண்டுக்கே இறங்கி வர்றாங்க, கேக்குற ஆள் கூடுனா விலையும் கூடும். ஏற்கனவே அடிமட்ட பிராண்ட்ல இருக்கிற குடும்பத்துக்கு இறங்க அடுத்த படியே கிடையாது.

அரசாங்கம் விலையைக் கட்டிப் போட்டா என்னன்னு கேப்பீங்க, ஹங்கேரில பண்ணிப் பாத்தாங்க. 2022 பிப்ரவரில இருந்து சர்க்கரை, மாவு, சூரியகாந்தி எண்ணெய், பால், கோழின்னு சில பொருளுக்கு உச்ச விலை வெச்சாங்க, அப்புறம் முட்டையையும் உருளைக்கிழங்கையும் சேத்தாங்க. என்ன ஆச்சுன்னா அந்தப் பொருள் அலமாரில இருந்து காணாமப் போச்சு, ஆளுக்கு இவ்வளவுதான்னு போர்டு வந்துச்சு, அங்க வர்ற நஷ்டத்தைக் கடைங்க மத்த பொருள் மேல ஏத்துனாங்க, அந்தக் குளிர்காலத்துல ஹங்கேரியோட உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டி ஐரோப்பிய யூனியன்லயே மோசமா இருந்துச்சு. 2023 ஜூலை கடைசில எடுத்துட்டாங்க. நாணய சரிவு மாதிரி வேற காரணங்களும் அங்க இருந்துச்சு, மொத்தப் பழியையும் இந்தக் கட்டுப்பாட்டு மேல போட முடியாது, ஆனா அது உதவல. அதை விட கஷ்டப்படுற குடும்பத்துக்கு நேரா காசோ தானியமோ கொடுக்கிறதும், இறக்குமதி வரியைக் குறைக்கிறதும் எவ்வளவோ மேல். வரின்னு சொன்னதும் காபி ஞாபகம் வருது, பிரேசில் வறட்சியால 2025 பிப்ரவரில அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி உச்சத்துல இருந்துச்சு, அந்த ஆகஸ்ட்ல அமெரிக்கா பிரேசில் சரக்கு மேல 50 சதவீத வரி வேற போட்டுச்சு, காபி பெருசா விளையாத நாடு விளையுற நாட்டு மேல வரி போட்டா யார் கட்டுவா, குடிக்கிறவன்தான். நவம்பர்ல காபிக்கு அந்த வரியை எடுத்துட்டாங்க.

"சரி, இனிமே குறையுமா?"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. மொத்த பில் 2020க்குத் திரும்பிப் போகாது, இதை நான் நேராவே சொல்லிடறேன், ஏன்னா சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் புது மட்டத்துல நின்னுடுச்சு. முட்டை, காய்கறி, எண்ணெய், மாவு இதெல்லாம் ஏறி இறங்கும், அந்தந்த சமயத்துல இறங்குறப்போ வாங்கிக்கலாம். எண்ணெய், தானியம், சர்க்கரை, பால் பொருள் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா ஐ.நா. உணவு விவசாய அமைப்போட குறியீடு மாசாமாசம் முதல் வார வாக்குல வரும், அதுல ஏதாவது ஒரு பொருள் தொடர்ந்து மூணு மாசம் இறங்குனா அடுத்த ஆறு, ஒம்பது மாசத்துல கடைல கொஞ்சமாவது தெரியணும். தெரியலைன்னா அந்தப் பொருளுக்கு வேற பிராண்டைப் பாருங்க. நாங்க சப்ளையரை மாத்துறப்போதான் அந்த வராத லெட்டருக்குப் பதிலா ஒரு போன் வரும், "சார், விலை விஷயமா ஒரு தடவை உக்காந்து பேசலாமா"ன்னு.